ஒளிர் சாயங்களின் சாட்சியம்



உயிரணுவின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்னும் பொருளை நான் முதன்முதலில் 'கண்ட' நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். சன்னல்களில் கறுப்புத் திரை தொங்கிய ஒரு சிறிய அறை. மேசைமேல் புற ஊதா ஒளி வீசும் விளக்குப் பெட்டி. அதன்மேல் உள்ளங்கை அகலமுள்ள, கண்ணாடி போன்ற கூழ்த் தகடு ஒன்று. விளக்கைப் போட்டதும் அந்தத் தகட்டில் நெருப்புத் துண்டுகள்போல் ஆரஞ்சு நிறக் கோடுகள் தோன்றின. "டி.என்.ஏ.யைக் கண்டுவிட்டேன்" என்று நான் மகிழ்ந்தேன். அருகில் நின்ற என் ஆசிரியர், "நீ கண்டது டி.என்.ஏ.யை அன்று, தம்பி. அதைக் கண்டதாகச் சொல்லும் ஒரு சாட்சியைக் கண்டாய். சாட்சி சொல்வது மெய்யா என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்" என்றார். அன்று அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. சில திங்களுக்குள், பிறருக்கு இழப்பை உண்டாக்கிய பின்னர், விளங்கிற்று. அந்தக் கதையையும் இன்று சொல்லுவேன். ஆனால் முதலில் அச்சாட்சியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதன் பெயர் ஒளிர் சாயம்.

ஒளிர்வு என்றால் என்ன என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ரூபாய்த் தாள்களைச் சோதிக்கப் பயன்படும் சிறிய ஊதா விளக்கு ஒன்று வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் நீரும், மற்றொன்றில் தெளிந்த தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கி, தூள் அடியில் படியும்வரை காத்திருங்கள். பின்பு அறையை இருட்டாக்கி, விளக்கை அவற்றின்மீது செலுத்துங்கள். விளக்கை நேரே உற்று நோக்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதி. நீர்க் குவளை மங்கலாகவே நிற்கும். எண்ணெய்க் குவளையோ பசுமை கலந்த மஞ்சள் ஒளியைச் சுடர்போல் வீசும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் நீரில் எளிதில் கரைவதில்லை. கரைந்த சிறு பகுதியும் நீர் சூழ்ந்த நிலையில் நன்கு ஒளிர்வதில்லை. எண்ணெயில் அஃது ஒளிர்கிறது. ஒரே பொருள் தான் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒளிர்கிறது, அல்லது மங்குகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால் இன்றைய பேச்சில் பாதி விளங்கிவிடும்.

இந்த விந்தையைக் கொயினாக் கரைசலில் 1845-ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் குறித்து வைத்தார். நிறமற்ற அக்கரைசலின் மேற்பரப்பில், வெயில் படும்போது, அழகிய நீலம் ஒன்று தோன்றக் கண்டார். அதன் காரணத்தை 1852-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கினார். அவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, சிவப்பிலிருந்து ஊதாவரை ஒவ்வொரு நிறத்திலும் கொயினாக் கரைசல் உள்ள குழாயை நகர்த்திச் சென்றார். பெரும்பாலான நிறங்களில் மாற்றம் இல்லை. ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருண்ட பகுதிக்குக் குழாயைக் கொண்டு சென்றதும், அது நீலமாக ஒளிர்ந்தது! காணாத ஒளியை உட்கொண்டு காணும் ஒளியாக வெளியிடும் இப்பண்புக்கு, புளோர்ஸ்பார் என்னும் கனியத்தின் பெயரைத் தழுவி, 'புளூரசென்ஸ்' என்று அவர் பெயரிட்டார். நாம் அதனை ஒளிர்வு என்போம்.

இதன் உட்பொருள் எளிது. சாய மூலக்கூறு ஒன்று ஒளியை உட்கொள்ளும்போது, அதன் எலெக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. மேலே நெடுநேரம் நிற்க முடியாது. மிகச் சிறு நேரத்தில் இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எஞ்சிய ஆற்றலே ஒளியாக வெளிப்படுகிறது. ஆற்றல் குறைந்தமையால் வெளிவரும் ஒளியின் அலை நீளம் கூடுகிறது. ஊதாவை உண்டது நீலத்தையோ பச்சையையோ செம்மையையோ உமிழ்கிறது. உட்செல்லும் ஒளியும் வெளிவரும் ஒளியும் வேறுவேறு நிறமாதலால், முன்னதை ஒரு வடிகட்டியால் மறைத்துவிட்டுப் பின்னதை மட்டும் பார்க்கலாம். பகலில் தெரியாத மின்மினி இரவில் தெரிவதுபோல், மிகச் சிறிதளவு சாயமும் இருண்ட பின்னணியில் கண்ணுக்குப் புலனாகும்.

இனி, சாயம் யாரைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவரைப் பார்ப்போம். 1869-இல் பிரீட்ரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து உயிரணுக்களின் உட்கருவைப் பிரித்தெடுத்து, அதில் பாஸ்பரஸ் நிறைந்த புதுப்பொருள் ஒன்றைக் கண்டார். இன்று நாம் டி.என்.ஏ. என்று அழைப்பது அதனையே. 1953-இல் வாட்சனும் கிரிக்கும், ரோசலிண்ட் பிராங்க்ளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ்-கதிர் ஆய்வுகளின் துணைகொண்டு, அதன் வடிவத்தை வெளியிட்டனர். முறுக்கிய நூலேணி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஏணியின் இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி அமைந்தவை. படிகள் ஒவ்வொன்றும் இரண்டு காரங்களின் இணை: அடினைனுக்குத் தைமின், குவானினுக்குச் சைட்டோசின். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 3.4 ஆங்ஸ்ட்ராம் தொலைவு. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஏணி முறுக்கப்பட்டிருப்பதால் அதன் வெளிப்புறத்தில் அகலமான பள்ளம் ஒன்றும் குறுகிய பள்ளம் ஒன்றும் ஓடுகின்றன. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றைக் கயிறு; தைமினுக்குப் பதிலாக யுராசிலைக் கொண்டது; தன்மேல் தானே மடிந்து, அங்கங்கே இரட்டையாகப் பின்னிக் கொள்ளும் இயல்புடையது.

இந்த இரண்டு பொருள்களும் நிறமற்றவை. புற ஊதா ஒளியை உட்கொண்டாலும், நாம் காணத்தக்க அளவில் ஒளிர்வதில்லை. அவை தம்மைப் பற்றித் தாமே பேசா. ஆகவே, அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவற்றுக்காகப் பேசும் ஒரு சாயம் தேவையாகிறது. டி.என்.ஏ.யின் கயிறுகள் எதிர் மின்னேற்றம் உடையவை. ஆதலால் நேர் மின்னேற்றமுடைய சாயங்கள் அவற்றை எளிதில் அணுகும். அணுகியபின் அவை எங்கே அமர்கின்றன என்பதுதான் சுவையான கேள்வி.

முதல் இருக்கை, ஏணிப் படிகளின் இடைவெளி. இதைக் கண்டு சொன்னவர் லியோனார்ட் லெர்மன் என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டு 1961. புரோஃபிளேவின் போன்ற அக்ரிடின் சாயங்களை டி.என்.ஏ. கரைசலில் சேர்த்தபோது, கரைசலின் பிசுபிசுப்பு கூடியது. சுழல் இயந்திரத்தில் டி.என்.ஏ. படியும் வேகம் குறைந்தது. இரண்டும் சுட்டிய பொருள் ஒன்றே: ஏணி நீண்டு விறைத்திருக்கிறது. ஏன்? அக்ரிடின் மூலக்கூறு அப்பளம்போல் தட்டையானது. அடுக்கி வைத்த தட்டுகளின் நடுவே மற்றொரு தட்டைச் செருகினால் அடுக்கு உயர்வதுபோல், அது இரு படிகளின் நடுவே நுழைந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. அவ்விடத்தில் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி ஏறத்தாழ இரு மடங்காகிறது. முறுக்கும் சிறிது தளர்கிறது.

அதே 1961-இல் இச்சாயம் வேறொரு பெரிய உண்மையை வெளியிடவும் உதவிற்று. கேம்பிரிட்ஜில் கிரிக், பிரென்னர் முதலியோர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் புரோஃபிளேவினைப் பயன்படுத்தி மரபு மாற்றங்களை உண்டாக்கினர். அச்சாயம் மரபுச் செய்தியில் ஓர் எழுத்தைக் கூட்டும், அல்லது குறைக்கும். அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மும்மூன்று எழுத்துகளாகவே படிக்கப்படும் ஒரு வாக்கியம்: 'மரம் பழம் தரும் நிலம் வளம் தரும்.' முதற் சொல்லுக்குப் பின் 'கா' என்னும் ஓர் எழுத்தைச் செருகி, மீண்டும் மூன்று மூன்றாகவே படியுங்கள்: 'மரம் காபழ ம்தரு ம்நில ம்வள ம்தரு' என்று முழுவதும் குலைந்துவிடும். இரண்டு எழுத்துகளைச் செருகினாலும் குலையும். ஆனால் மூன்றைச் செருகினால், அந்த இடம் மட்டும் கெட்டு, எஞ்சிய பகுதி பழைய பொருளைப் பெறும். வைரஸிலும் ஒரே வகையைச் சேர்ந்த மூன்று மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தபோதுதான் இழந்த செயல் திரும்பியது. மரபுச் செய்தி மூன்றெழுத்துச் சொற்களால் ஆனது என்னும் முடிவுக்கு இதுவே அடிப்படை. படிகளின் நடுவே நுழையும் ஒரு சாயம் அறிவியலுக்கு ஆற்றிய தொண்டு இது. அதே செயல் உயிருக்கு ஊறும் விளைக்கலாம் என்பதையும் இங்கேயே குறித்துக் கொள்ளுங்கள்.

நான் இருட்டறையில் கண்ட ஆரஞ்சுக் கோடுகள் எத்திடியம் புரோமைடு என்னும் சாயத்தினுடையவை. இஃது ஆய்வுச் சாயமாகப் பிறந்ததன்று. டிரிப்பனோசோம் என்னும் நுண்ணுயிரால் ஆப்பிரிக்கக் கால்நடைகளுக்கு வரும் நோய்க்கு மருந்தாக வந்தது. 1967-இல் பிரான்ஸ் நாட்டின் லெ பெக், பாவோலெட்டி ஆகிய இருவரும், டி.என்.ஏ.யோடு சேரும்போது அதன் ஒளிர்வு மிகுவதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். தனியே நீரில் இருக்கையில் அது மங்கலாகவே ஒளிர்கிறது. ஏனெனில், ஒளியை உட்கொண்டு கிளர்ந்த சாயத்திடமிருந்து நீர் மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைப் பறித்துக் கொள்கின்றன. ஆற்றல் ஒளியாகாமல் அவிந்துவிடுகிறது. படிகளின் நடுவே நுழைந்தபின், நீரின் கை எட்டுவதில்லை. அப்போது ஒளிர்வு ஏறத்தாழ இருபது மடங்கு ஆகிறது. நீரில் மங்கி எண்ணெயில் சுடர்ந்த மஞ்சளை நினைத்துக் கொள்ளுங்கள். நீரை விட்டு விலகியதால் சுடர்ந்ததே இரண்டிலும் நாம் கண்டது.

அகரோஸ் என்னும் கடற்பாசிப் பொருளால் கூழ்த் தகடு செய்து, அதில் மின்சாரத்தைச் செலுத்தினால், டி.என்.ஏ. துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. சிறியவை கூழின் நுண்துளைகளில் விரைந்து செல்லும்; பெரியவை பின்தங்கும். ஓட்டம் முடிந்தபின் எத்திடியத்தில் ஊற வைத்துப் புற ஊதா ஒளியில் பார்த்தால், அளவுவாரியாகப் பிரிந்த துண்டுகள் கோடுகளாகத் தெரியும். 1970-களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இம்முறை பரவிற்று. எத்திடியம் அமரும் ஒவ்வோர் இடத்திலும் ஏணியின் முறுக்கு சுமார் 26 பாகை தளர்கிறது. முனைகள் திறந்த டி.என்.ஏ. எளிதில் தளர்ந்து மிகுந்த சாயத்தை ஏற்கும். முனைகள் மூடி வளையமாக உள்ளதோ, ஓர் எல்லைக்கு மேல் தளர இடமின்றிச் சாயத்தை மறுக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு வளைய டி.என்.ஏ.யைத் தனியே பிரிக்கும் வழியை வினோகிராடும் அவர் குழுவினரும் 1967-இல் கண்டனர். பொருள் இருக்கிறது என்பதோடு, அதன் வடிவத்தையும் சாயம் சொல்லும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். பாக்டீரியாவிலிருந்து வளைய டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அதன் அளவைக் கணித்துத் தருவது என் வேலை. எத்திடியத்தைச் சேர்த்து ஒளியை அளந்தேன். ஒளி மிகுதியாக இருந்தது. மிகுந்த டி.என்.ஏ. கிடைத்துவிட்டது என்று குழாயின்மேல் ஓர் எண்ணை எழுதி ஒட்டினேன். எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், அந்த எண்ணை நம்பித் தம் சோதனைகளைத் தொடங்கினார். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்று வாரம் தம் கைத்திறமையையே ஐயுற்று, இரவும் பகலும் திரும்பத் திரும்பச் செய்து சலித்தார். அவருடைய உதவித்தொகைக் காலமோ முடியும் தறுவாயில் இருந்தது.

ஆசிரியர் என்னை அழைத்து, "சாயத்தை நீ என்ன கேட்டாய், தம்பி?" என்றார்.

"டி.என்.ஏ. எவ்வளவு என்று கேட்டேன், ஐயா."

"இல்லை. 'நீ அமர்வதற்கு இரட்டைப் பின்னலான இடம் எவ்வளவு?' என்று கேட்டாய். அது மெய்யாகவே விடை சொல்லிற்று. ஆர்.என்.ஏ.யின் மடிப்புகளிலும் அத்தகைய இடம் உண்டே!"

அவர் சொல்லியவாறு, ஆர்.என்.ஏ.யை மட்டும் சிதைக்கும் நொதியைச் சிறிது சேர்த்து மீண்டும் அளந்தேன். ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கூழ்த் தகட்டின் அடிப்பகுதியில் மேகம்போல் பரவியிருந்த வெளிச்சம், நான் 'அழகாக இருக்கிறது' என்று எண்ணிய வெளிச்சம், மறைந்தே போயிற்று. என் குழாயில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.! மூத்த மாணவியிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்து கொள்ளவில்லை. "நொதி ஒரு துளி சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நான் மிச்சப்படுத்தியதால் அவருக்கு மூன்று வாரம் போயிற்று. சாயம் பொய் சொல்லவில்லை. சாட்சியைத் தவறாகக் கேட்டவன் நான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சாயத்தையும், 'இஃது எதைக் கண்டு ஒளிர்கிறது?' என்று கேட்டறிந்த பின்னரே பயன்படுத்தும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. அவ்வகையில் மேலும் சிலவற்றைப் பார்ப்போம்.

இரண்டாம் இருக்கை, குறுகிய பள்ளம். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஹோக்ஸ்ட் 33258 என்னும் சாயமும், டேப்பி என்னும் சாயமும் படிகளுக்குள் நுழைவதில்லை. பிறைபோல் வளைந்த அவை, குறுகிய பள்ளத்தில் ஓடையில் படகு படிவதுபோல் படிகின்றன. அடினைன்–தைமின் இணைகள் தொடர்ந்துள்ள பகுதிகளையே அவை விரும்புகின்றன. குவானினின் ஓர் அணுக்கூட்டம் அப்பள்ளத்தில் துருத்திக்கொண்டு வழியை அடைப்பதே காரணம். டி.என்.ஏ.யில் படிந்த டேப்பி, உயிரணுவின் உட்கருவை நீல விளக்கைப்போல் காட்டும். டேப்பியும் 1971-இல் ஓட்டோ டான் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், அதே டிரிப்பனோசோம் நோய்க்கு மருந்து தேடிய முயற்சியிலேயே தோன்றியது. நோய்க் கிருமியின் டி.என்.ஏ.யைப் பற்றிக் கொள்ளும் பொருள் மருந்துக்கும் ஆகலாம், சாயத்துக்கும் ஆகலாம் அல்லவா?

மலேரியா மருந்தாகிய குவினக்ரினின் இனத்தைச் சேர்ந்த ஒரு சாயத்தை, சுவீடன் நாட்டு டோர்பியோர்ன் காஸ்பெர்சனும் அவர் குழுவினரும் மனிதக் குரோமோசோம்களில் ஏற்றிப் பார்த்தனர். 1970-இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய ஒளியும் நிழலுமான பட்டைகளைக் காட்டிற்று. அதற்கு முன்பு நீளத்தைக் கொண்டு தோராயமாக வகுத்து வந்தவற்றை, அதன்பின் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடையாளம் காண முடிந்தது. எந்தக் குரோமோசோமில் எந்தப் பகுதி உடைந்து எங்கே ஒட்டியிருக்கிறது என்று மருத்துவர் கூறுவதற்கு வழி பிறந்தது.

அக்ரிடின் ஆரஞ்சு ஒரே சாயமாக இருந்தும் இரு நிறத்தில் பேசும். இரட்டை ஏணியில் அதன் மூலக்கூறுகள் படிகளின் நடுவே ஒன்றுக்கொன்று விலகி அமர்கின்றன; அப்போது ஒளி பச்சை. ஒற்றைக் கயிறான ஆர்.என்.ஏ.யின் மேல் அவை நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொள்கின்றன. அப்போது ஒளி சிவப்பு. உரிய அளவு சாயம் ஏற்றிய உயிரணுவில், உட்கரு பச்சையாகவும் ஆர்.என்.ஏ. நிறைந்த பகுதிகள் சிவப்பாகவும் தோன்றும். ஆனால் சாயத்தின் அளவு மிகுந்தாலோ குறைந்தாலோ இந்தப் பாகுபாடு குலையும். டி.என்.ஏ.யைச் சூடாக்கிக் கயிறுகளைப் பிரித்துவிட்டால் அதுவும் சிவப்பையே காட்டும். எனவே சிவப்பைக் கண்டதும் 'ஆர்.என்.ஏ.' என்று சொல்லிவிடக் கூடாது. 'ஒற்றைக் கயிறு' என்பதே அது சொல்லும் சொல்.

வேறொரு வகைச் சாயங்கள் உண்டு. தயசோல் ஆரஞ்சு, சைபர் கிரீன் முதலியன இவ்வகை. இவற்றின் மூலக்கூறு இரண்டு தட்டையான பகுதிகளும், அவற்றை இணைக்கும் ஒரு கீலும் உடையது. நீரில் தனியே இருக்கையில் அக்கீல் முறுகிக்கொண்டே இருக்கும். உட்கொண்ட ஆற்றல் அந்த ஆட்டத்திலேயே செலவாகிவிடும். டி.என்.ஏ.யிடம் சிக்கிக் கீல் அசைய முடியாமற் போனால், ஆற்றல் ஒளியாக வெளிப்படும். கட்டுப்படாத சாயம் ஏறக்குறைய இருண்டே கிடப்பதால், மிகச் சிறிதளவு டி.என்.ஏ.யையும் இவை காட்டிக் கொடுக்கின்றன.

டி.என்.ஏ.யை ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கும் பி.சி.ஆர். என்னும் முறையைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பெருகும்போதே அதை அளந்தால் என்ன என்று எண்ணிய ரஸ்ஸல் ஹிகுச்சி என்னும் அமெரிக்கரும் அவர் தோழர்களும், 1992, 1993-ஆம் ஆண்டுகளில், குழாயிலேயே எத்திடியத்தைக் கலந்து, ஒளி ஏறுவதைக் கருவியால் பார்த்து வந்தனர். பின்னர் அவ்விடத்தைச் சைபர் கிரீன் பெற்றது. இச்சாயமும் இரட்டைப் பின்னல் எதுவாயினும் ஒளிரும். நாம் தேடும் துண்டா, தவறிப் பெருகிய துண்டா என்று பாராது. அதற்கும் ஒரு குறுக்கு விசாரணை உண்டு. பெருக்கம் முடிந்தபின் குழாயை மெல்லச் சூடாக்க வேண்டும். கயிறுகள் பிரியும் வெப்பநிலையில் ஒளி சட்டென வீழும். துண்டின் நீளத்தையும் குவானின்–சைட்டோசின் இணைகளின் பங்கையும் பொறுத்து அவ்வெப்பநிலை மாறும். எதிர்பார்த்த வெப்பநிலையில் வீழ்ந்தால் நாம் தேடிய துண்டு என்று கொள்ளலாம். அதற்கு முன்பே வீழ்ந்தால் ஐயுறலாம்.

இன்னும் உறுதி வேண்டுமாயின், தேடும் எழுத்து வரிசைக்கு இணையான ஒரு சிறு துண்டிலேயே சாயத்தைக் கட்டி அனுப்பலாம். 1996-இல் சஞ்சய் தியாகியும் பிரெட் கிரேமரும் அவ்வாறு ஒன்றை அமைத்தனர். கொண்டை ஊசிபோல் மடிந்த துண்டு அது. ஒரு நுனியில் ஒளிர் சாயம், மறு நுனியில் அவ்வொளியை விழுங்கும் பொருள். மடிந்திருக்கும்வரை இருள். உரிய இணையைக் கண்டு நிமிர்ந்தால் நுனிகள் விலகும், ஒளி பிறக்கும். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றைக் கண்டறிய மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்களே, அச்சோதனைகளிலும் வைரஸின் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்துப் பெருக்கியபின், பெரும்பாலும் சாயமும் ஒளி விழுங்கியும் கட்டிய துண்டுகளே விடை கூறின. ஒரு வீட்டார் தனித்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு சாயத்தின் சுடரே தீர்மானித்தது.

டி.என்.ஏ. எப்போதும் இரட்டை ஏணியாகவே இருக்கும் என்பதில்லை. நான்கு குவானின்கள் ஒரு சதுரமாகக் கைகோத்துக் கொள்ள இயலும் என்று 1962-இல் கெல்லர்ட் முதலியோர் காட்டினர். அத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொட்டாசியம் அயனியை நடுவே வைத்துக் கொண்டால், நாற்கயிற்றுப் பின்னல் உண்டாகும். நம் குரோமோசோம்களின் நுனிகளில் தைமின், தைமின், அடினைன், குவானின், குவானின், குவானின் என்னும் ஆறெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிறது; அங்கே இப்பின்னல் உருவாக இடமுண்டு. 2013-இல் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜோதிர்மயி மொகந்தி முதலிய அறிவியலார், தயோஃபிளேவின்-டி என்னும் சாயம் இந்த நாற்கயிற்றுப் பின்னலில் சிக்கிச் சுடர்வதைக் கண்டனர். இதுவும் கீல் உடைய சாயமே; மூளை நோயில் படியும் புரதத்தைக் காண முன்பே பயன்பட்டு வந்தது. அவர்கள் கண்ட மற்றொன்று இன்னும் சிந்திக்கத் தக்கது: அச்சாயம் அப்பின்னலைக் காட்டுவதோடு நில்லாமல், அதனை உருவாக்கவும் தூண்டுகிறது.

இங்கேதான் ஆழமான கேள்வி எழுகிறது. சாட்சி தான் கண்டதைச் சொல்கிறதா, அல்லது தானே நிகழ்த்தியதைச் சொல்கிறதா? உயிருள்ள அணுவில் நாற்கயிற்றுப் பின்னல் இயல்பாகவே உண்டா, நாம் விட்ட சாயத்தால் உண்டானதா? இக்கேள்வியோடு நெடுநாள் போராடியவர்களுள் ஒருவர் ஷங்கர் பாலசுப்பிரமணியன். 1966-இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்குபவர். ஒளிர் சாயம் கட்டிய எழுத்துகளால் டி.என்.ஏ.யை விரைந்து படிக்கும் முறையை டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து அமைத்தவரும் இவரே. 2013-இல் இவர் குழுவினர் இப்பின்னலை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கொண்டு மனித உயிரணுக்களில் அதனைக் காட்டினர். 2020-இல், உயிரணுவின் இயல்பு கெடாதவாறு மிக மிகக் குறைந்த அளவில் ஒளிர் பொருளை விட்டு, தனித்தனி மூலக்கூறாக அதன் சுடரைக் கண்டு, பின்னல்கள் உருவாவதையும் அவிழ்வதையும் நோக்கினர். சாட்சியின் குரல் உரக்க ஒலிக்க வேண்டும் என்று விரும்பாமல், நிகழ்ச்சியைக் கலைக்காத மெல்லிய குரலையே அவர்கள் நாடினர்.

ஆர்.என்.ஏ.க்கும் இத்தகைய நுண்ணிய வழி பிறந்துள்ளது. 2011-இல் நியூயார்க்கில் சாமி ஜாஃப்ரியும் அவர் தோழர்களும், தனியே ஒளிராத ஒரு சிறு சாயத்தைப் பற்றிக்கொண்டு அதனைப் பச்சையாக ஒளிரச் செய்யும் ஆர்.என்.ஏ. வரிசை ஒன்றை ஆக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்பினாச்'. அஃதாவது ஒரு கீரை! நாம் பின்தொடர விரும்பும் ஆர்.என்.ஏ.யோடு இக்கீரையைக் கோத்துவிட்டால், அது செல்லுமிடமெல்லாம் பச்சை விளக்கு உடன் செல்லும். 2014-இல் அதன் அமைப்பை ஆராய்ந்தபோது, சாயம் அமரும் இடத்தில் நாம் முன்பு கண்ட அதே குவானின் சதுரங்கள் இருந்தன.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் என் கடமை. டி.என்.ஏ.யின் நடுவே நுழைவதனாலேயே எத்திடியம் நமக்கு உதவுகிறது. அக்காரணத்தாலேயே அது மரபு மாற்றம் விளைக்கக் கூடியது என்று ஐயுற்று, கையுறையின்றித் தொடலாகாது என்பது விதி. புற ஊதா விளக்கும் கண்ணையும் தோலையும் சுடும். அதனால் பல ஆய்வுக்கூடங்கள் வேறு சாயங்களையும் நீல ஒளி விளக்குகளையும் நாடியுள்ளன. 'தீங்கற்ற சாயம்' என்று பெயர்ச் சீட்டில் எழுதியிருந்தாலும், டி.என்.ஏ.யைப் பற்றும் எதனையும் மதிப்போடு கையாளுவதே நல்லது.

நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் அந்த இருட்டறையில் நிற்பீர்கள். கூழ்த் தகட்டில் கோடு சுடரும். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சாயம் இல்லாமலும் இவ்வொளி உண்டா? தேடும் பொருள் இல்லாத குழாயிலும் உண்டா? அப்பொருளை மட்டும் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் மறைகிறதா? சாயத்தின் அளவைக் குறைத்தாலும் அதே விடை வருகிறதா? இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னரே குழாயின்மேல் எண்ணை எழுதுங்கள். அந்த எண்ணை நம்பி மற்றொருவர் தம் நாள்களைச் செலவிடப் போகிறார் என்பதை மறவாதீர்கள். நான் எழுதி ஒட்டிய அந்தப் பழைய சீட்டை மூத்த மாணவி என்னிடமே திருப்பித் தந்தார். இன்றும் அஃது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.